பறவையைக் காட்டியது யார்?



உதகை, மூணாறு, தட்டேக்காடு என்று ஐந்து நாள் பறவை பார்க்கப் போய்வந்த படங்களைப் போன மாதம் போட்டிருந்தேன். "சார், இத்தனை பறவையை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். என் அக்கா மகன் ஒருபடி மேலே போய், "மாமாவுக்குக் கழுகுக் கண்" என்று எழுதிவிட்டான். அந்த ஐந்து நாளில் நானாகக் கண்டுபிடித்தது காக்கையும் மைனாவும்தான். மற்ற எல்லாம் வழிகாட்டிகள் காட்டியவை. அவர்கள் விரல் நீட்டிய பிறகும் எனக்கு இலைதான் தெரிந்தது. கழுத்தைப் பிடித்துத் திருப்பாத குறையாகக் காட்டினார்கள்.

31 வருடம் வரலாறு நடத்தியவனுக்கு ஊர் திரும்பியதும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நம் மலைப் பறவைகளைப் பற்றிய புத்தகத்தைத் திறந்தால் ஜெர்டன், பிளான்ஃபோர்ட், ஃபேர்பேங்க் என்று வரிசையாக வெள்ளைக்காரர் பெயர்கள். அவர்களுக்குப் பறவையைக் காட்டியது யார்? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் படத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஜெர்டனிலிருந்து தொடங்குவோம். தாமஸ் ஜெர்டன் 1811இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குத் துணை மருத்துவராக வந்து சேர்ந்தார். படை மருத்துவருக்கு அடிக்கடி இடமாற்றம் வரும். அதை மற்றவர்கள் தொல்லையாக நினைத்தார்கள், இவர் வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839-40இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் தொடராக வெளியிட்டார். நாங்கள் உதகையில் பார்த்த நீலகிரிச் சிரிப்பானையும், கருப்பும் ஆரஞ்சுமாகப் புதருக்குள் ஒளிந்து விளையாடும் ஈப்பிடிப்பானையும் அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் இவர்தான். சிரிப்பானுக்கு அவர் வைத்த லத்தீன் பெயர் 'காகின்னன்ஸ்', உரக்கச் சிரிப்பது என்று பொருள். காலை ஆறரை மணிக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறதோ என்று தோன்றும்.

அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் துப்பாக்கியால் பார்ப்பது. சுட்டு வீழ்த்தி, தோலை உரித்து, பூச்சி அரிக்காமல் ஆர்செனிக் சோப்பு தடவி, பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். சீட்டில் பறவையின் பெயர், ஆணா பெண்ணா, இடம், தேதி, சேகரித்தவர் பெயர் இருக்கும். முன்னால் நடந்து வழி காட்டியவருக்கு அந்தச் சீட்டில் இடம் கிடையாது. நான் இங்கே சொல்ல வருவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜெர்டனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூலில் பல பறவைகளுக்கு இந்தி, தெலுங்கு, தமிழ்ப் பெயர்களையும் கொடுத்திருக்கிறார். கண்ணி வைப்பவரிடமும் வேட்டைக்காரரிடமும் உட்கார்ந்து கேட்காமல் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்து மருத்துவருக்குத் தமிழ்ப் பெயர் எங்கிருந்து கிடைக்கும்? 1843-47இல் சென்னையில் அவர் வெளியிட்ட வண்ணப்பட நூலுக்கும் பெரும்பாலான படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள்தான். காது கொடுத்துக் கேட்ட மனிதர் அவர். ஆனால் யாரிடம் கேட்டார் என்பது புத்தகத்திலிருந்து நமக்குக் கிடைப்பதில்லை.

ஜெர்டன் பெயரிலேயே ஒரு பறவை இருக்கிறது. மலைக்காட்டுப் பறவை இல்லை, ஆந்திரத்தின் முட்புதர்க்காட்டில் இரவில் ஓடித் திரிவது. ஆனாலும் அதன் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1848இல் ஜெர்டன் அதை எடுத்தார். 1900ஐ ஒட்டிப் பார்த்ததோடு சரி, அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு அழிந்துபோயிருக்கும் என்றே நினைத்தார்கள். 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் கடப்பைப் பக்கம் போய் ஊர் ஊராகப் படத்தைக் காட்டி விசாரித்தார். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பறவை தெரிந்தேயிருந்தது. 'கலிவி கோடி' என்று அதற்குத் தெலுங்கில் பெயரே இருந்தது. கலிவி என்பது ஒரு முட்புதர், கோடி என்றால் கோழி. 1986 ஜனவரியில் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் விளக்கு வெளிச்சத்தில் அதை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தார். அறிஞர்கள் பகலில் தேடிய பறவை அது. 86 வருடம் காணாமல் போனதாக நாம் சொல்கிறோம். யாருக்குக் காணாமல் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. இன்றைய இந்தோனேசிய, மலேசியத் தீவுகளில் எட்டு வருடம் அலைந்த ஆல்ஃபிரட் வாலஸை உங்களுக்குத் தெரியும். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். 1855இல் சரவாக்கில் அலி என்ற மலாய்ப் பையனைச் சமையலுக்கு வேலைக்கு வைத்தார். பையன் சமையலோடு நிற்கவில்லை. சுடவும் தோல் உரிக்கவும் கற்றுக்கொண்டு, போகப்போக வாலஸின் வலது கையாகவே ஆகிவிட்டான். 1858இல் பச்சான் தீவில் ஒருநாள் இடுப்பில் ஒரு புதுமாதிரிப் பறவையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றான். தோளில் வெள்ளைக் கொடி போல இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும் சொர்க்கப் பறவை. அதற்கு இலண்டனில் வாலஸின் பெயரை வைத்தார்கள். வாலஸ் நேர்மையானவர். அதைக் கொண்டுவந்தது அலிதான் என்று தன் நூலில் எழுதினார். 1862இல் பிரியும்போது சிங்கப்பூரில் அலியை உட்காரவைத்துப் படம் எடுத்து, பல வருடம் கழித்துத் தன் வரலாற்றில் அச்சிட்டார். 1907இல் தெர்னாத்தே தீவுக்குப் போன ஓர் அமெரிக்க விலங்கியலாளர் முன்னால் ஒரு முதியவர் வந்து நின்று, "நான்தான் அலி வாலஸ்" என்றாராம். எழுதிவைத்ததால் ஒருவர் பெயராவது நமக்குக் கிடைத்தது.

இனி மூணாறு. அங்கே வழிகாட்டி வேலை துப்பாக்கியோடுதான் தொடங்கியது. தேயிலைத் தோட்டத் துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வேட்டை. ஆனைமுடிப் பக்கத்துப் புல்மேடுகளில் வரையாடு எங்கே மேயும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்பதெல்லாம் முதுவான்களுக்குத்தான் தெரியும். மதுரையிலிருந்து மீனாட்சி சிலையை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவான் என்று பெயர் வந்ததாக அவர்களே சொல்வார்கள். பேச்சும் தமிழுக்கு நெருக்கம். 1928இல் தோட்டக்காரர்கள் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். எல்லாம் தீர்ந்துபோனால் எதைச் சுடுவது என்ற கவலையும் அதில் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சங்கம் காவலுக்கு வைத்துக்கொண்டதும் முதுவான்களைத்தான். 1978இல் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆனது. வேட்டைக்கு முன்னால் நடந்தவர்களின் பிள்ளைகள் காவலுக்கு நடந்தார்கள். பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று நம்மைப் போன்றவர்களுக்குப் பறவை காட்ட நடக்கிறார்கள்.

அந்த மலைக்கு 1933 ஜனவரியில் ஒரு பறவைக்காரர் வந்தார். சலீம் அலி. 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வரும்போது அவருக்கு நிலையான வேலை இல்லை என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். என்ன வேலை தெரியுமா? வழிகாட்டி விரிவுரையாளர்! வருகிறவர்களுக்குக் காட்சிப்பொருள்களைக் காட்டி விளக்குவது. 1928இல் ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அதனால்தான் சமஸ்தானங்களை அணுகினார்: "செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன்." ஐதராபாத் முதலில் ஒப்புக்கொண்டது. அடுத்தது திருவிதாங்கூரும் கொச்சியும்.

மறையூரில் கூடாரம் அடித்து வேலையைத் தொடங்கினார்கள். உடன் வந்தவர் மனைவி தெஹ்மினா. இங்கிலாந்தில் படித்து வளர்ந்த பெண், காட்டில் முகாமை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலிருந்து என்.ஜி. பிள்ளை என்பவர் சேர்ந்துகொண்டார். மூணாறு, சாந்தன்பாறை, குமுளி, தட்டேக்காடு என்று மலையிலிருந்து இறங்கியும் மறுபடி ஏறியும் போனார்கள். பரம்பிக்குளம் காட்டுக்குள் குரியார்குட்டிக்குப் போனதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே சாலை கிடையாது. சாலக்குடியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொச்சி அரசு போட்டிருந்த டிராம் பாதைதான் வழி. தேக்கையும் ஈட்டியையும் வெட்டிக் கொண்டுபோகப் போட்ட பாதை. காட்டை வெட்டிக் கொண்டுபோன வண்டியிலேயே ஏறிப்போய், அந்தக் காட்டின் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார் மனிதர். 1963இல் டிராமை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கணக்கெடுப்பு 1953இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாகவும், 1969இல் கேரளப் பறவைகள் நூலாகவும் வந்தது. தெஹ்மினா அவற்றைப் பார்க்க இல்லை, 1939இலேயே போய்விட்டார்.

தட்டேக்காட்டைத் தீபகற்ப இந்தியாவிலேயே பறவை வளம் மிகுந்த இடம் என்று சலீம் அலி சொன்னார். 1983இல் 25 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மூணாற்றுக் குளிரிலிருந்து மலையிறங்கி அங்கே போனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அட்டை வேறு. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி, கொடிகள் பின்னிக்கிடந்த ஒரு புதர் முன்னால் நிறுத்தி, "பார்த்துக்கோங்க" என்றார். நாங்கள் ஐந்து பேரும் பார்த்தோம். காய்ந்த இலை. இரண்டு நிமிடம் கழித்து அந்தக் காய்ந்த இலைகளில் ஒன்று கண்ணை லேசாகத் திறந்து மூடியது. தவளைவாயன் ஜோடி, எங்களுக்கும் அதற்கும் ஆறடிகூட இருக்காது. படத்தில் நீங்கள் 'இதில் பறவை எங்கே?' என்று கேட்டது அதைத்தான். என் கழுகுக் கண்ணின் லட்சணம் இது.

மூணாற்றில் எங்களுக்கு வழிகாட்டியவர் முதுவான் இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கும். சீகாரப் பூங்குருவி ஓடைக்குள்ளிருந்து பாடியபோது, "சார், இங்கிலீஷ்காரங்க இதை விசிலடிக்கிற பள்ளிக்கூடப் பையன்னு சொல்வாங்க" என்றார். கடைசி பெஞ்சில் விசிலடித்து என்னிடம் மாட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு எல்லாப் பறவைக்கும் இங்கிலீஷ் பெயர் தெரிந்திருந்தது. பாதிக்கு மலையாளப் பெயரும் தெரிந்திருந்தது. "உங்க வீட்டில் இதை என்ன சொல்வீங்க தம்பி?" என்று கேட்டேன். நின்றுவிட்டார். கொஞ்சம் யோசித்து, "எங்க பாட்டி ஒரு பேர் சொல்லும் சார். இருங்க, அத்தைகிட்டக் கேக்கறேன்" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினார். அத்தை பாட்டியிடம் கேட்டு, பாட்டி அந்தப் பக்கத்திலிருந்து கத்தி, இவர் பறவை மாதிரியே கூவிக்காட்டி, பத்து நிமிடம் நடந்தது. எனக்குப் பறவையைவிட அதுதான் பெரிய காட்சி. இறங்கி வந்து பெயரைச் சொன்னார். நான் குறிப்புநோட்டை எடுத்தேன். "சார், தப்பா நினைக்காதீங்க. அதை நானே எழுதணும்னு நினைக்கிறேன்" என்றார். பேனாவை மூடிவிட்டேன். அதனால்தான் அந்தப் பெயர் இந்தப் பதிவில் இல்லை.

அவருடைய பெயரும் இல்லை. படத்தின் கீழே போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அவர் செய்வது தற்காலிக வேலை, தினக்கூலி. லீவு நாளில் விருந்தினரைக் கூட்டிப்போவது வெளியே தெரிந்தால் வேலைக்கு இடைஞ்சல் வரலாம் என்று பயம். இரண்டு நூற்றாண்டு வழிகாட்டிகளின் பெயர் இல்லை என்று புலம்புகிற நானும் கடைசியில் பெயர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன்.

சாலக்குடி ஆற்றங்கரையில், வாழச்சால் காட்டில் கொஞ்சம் வேறுமாதிரி நடந்திருக்கிறது. இருவாட்சி பெரிய மரப்பொந்தில் கூடு வைக்கும். பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் பழம் ஊட்டும். மலையாளத்தில் 'மலமுழக்கி' என்று பெயர், மலையை முழங்கவைப்பது. கேரளத்தின் மாநிலப் பறவை. எந்த மரத்தில் கூடு என்பது காடர் இன மக்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு காலத்தில் குஞ்சை எடுத்துத் தின்றவர்கள் அவர்கள். 2000களின் நடுவிலிருந்து அதே ஆட்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டுக் காவலர்களாக வைத்து, கூடுகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஆய்வாளரும் காடரும் ஒன்றாக மரத்தடியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். அதிரப்பள்ளியில் அணை கட்டும் பேச்சு வந்தபோதெல்லாம், எந்தெந்தக் கூட்டுமரம் தண்ணீருக்குள் போகும் என்று சொல்ல ஆள் இருந்தது இதனால்தான்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி, தமிழ் படித்தவர்களுக்குப் பிடிக்கும். நாங்கள் மூணாற்றுச் சோலையில் பார்த்த நீல நிறச் சிறு பறவையின் படத்தை எல்லோரும் ரசித்தீர்கள். உயரமான சோலைகளை விட்டு அது கீழே இறங்காது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியர் மலைப்பக்கம் இன்னொன்று எனத் தீவில் மாட்டிக்கொண்டதுபோல் லட்சக்கணக்கான வருடம் பிரிந்து வாழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பேரினத்தில் சேர்த்து, ராபின் என்றும் குட்டைச்சிறகன் என்றும் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் வி.வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணுவை ஆராய்ந்து, இது ஏற்கெனவே இருந்த எந்தப் பேரினத்திலும் ஒட்டாத தனிப் பேரினம் என்று நிறுவினார்கள். தென்கோடியில் இருப்பதைப் புதிய இனமாகவும் அறிவித்தார்கள். பேரினத்துக்கு வைத்த பெயர் 'சோலிகோலா'. நம் சோலை, அதோடு 'வாழ்வது' என்ற பொருளில் லத்தீன் ஒட்டு. உலகமெங்கும் பொதுப்பெயராக வழங்குவது 'சோலக்கிளி'. கிளி என்றதும் நமக்குப் பச்சைக்கிளி நினைவு வரும். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை, பச்சைக்கிளியைத் தத்த என்பார்கள். நம் பழைய தத்தைதான் அது. ஜெர்டன் முன்பு தனிப் பத்தியில் உள்ளூர்ப் பெயர் என்று குறித்துவைத்த இடத்துச் சொல், இப்போது அறிவியல் பெயருக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த மூணாற்றுத் தம்பி முந்தாநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூட நோட்டின் முதல் பக்கம், பாட்டி சொன்ன 14 பெயர்கள், தமிழ் எழுத்தில். கூடவே ஒரு கேள்வி: "சார், மூணாவது பேர்ல ஒரு சத்தம் ழ-வும் இல்ல, ய-வும் இல்ல, நடுவுல வருது. எந்த எழுத்து போடறது?" பாட்டியைச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மொழியியல் படித்தவர்கள் நம்மில் இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்று நினைவு. எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்.